ஆசிரியரும் கருவியும்

நன்னூல் என்னும் இலக்கண நூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தும் சொல்லும் இன்னவை என்று கூறத் தொடங்குமுன், ஆசிரியர் இன்னார் என்று கூறிவிட்டே மேற்செல்கின்றார். நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடும் அவர், ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் சில உவமைகள் வைத்திருக்கின்றார். அவற்றுள் ஒன்று கழற்குடம். கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக ஒரு குடத்தில் இட்டு நிரப்பிப் பின்பு கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் ஒருங்கே உருண்டோடும். கற்றதையெல்லாம் முறையின்றிக் கொட்டிவிடுபவர் ஆசிரியர் ஆகார் என்பது முனிவர் கருத்து.

இந்நாளில் நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியைக் காணுந்தோறும் அந்தக் கழற்குடம் என் நினைவுக்கு வருகின்றது. கேட்ட மாத்திரத்தில் அஃது ஆயிரம் செய்திகளைக் கொட்டுகின்றது. ஆகவே, ‘இனி வகுப்பறையில் ஆசிரியர் எதற்கு?’ என்ற வினாவைப் பெற்றோரும் கேட்கின்றனர். செலவுக் கணக்குப் பார்ப்போரும் கேட்கின்றனர். இவ்வினா புதியதன்று. அச்சு வந்தபோதும் எழுந்தது. வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் செய்துவந்த வேலைகளில் ஒன்றைக் கருவி எடுத்துக்கொண்டது. எஞ்சிய வேலையின் பளுவை மிகுவித்தது. அந்த வரலாற்றை, நம் நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே சிறிது காண்போம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வோம். மணலைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து, அகரத்தை எழுதுவித்த இடம் அது. எழுதப் பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலைச் சுவடி அரிய பொருள். வீட்டுக்கு ஒன்று என்று இருந்ததில்லை. எனவே ஆசிரியரே சுவடியாக விளங்கினார். எண்சுவடியும் நிகண்டும் சதகமும் அவர் நாவில் இருந்தன. அவர் சொல்லப் பிள்ளைகள் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தனர். முன்னே கற்ற பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, சிறியவர்களை ஓதுவிப்பான். சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் இப்பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, அன்று மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம். தமிழ்நாடு மட்டுமன்றி ஆந்திரத்தின் பெரும்பகுதியும் பிற பகுதிகளும் அடங்கிய மாகாணம் அது.

இத்திண்ணைப் பள்ளி உலகின் கல்வி வரலாற்றில் ஓர் எதிர்பாராத இடம் பெற்றது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் அவர் வெளியே உலாவச் சென்றபோது, ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த உதவியாசிரியர்கள் ‘இஃது ஆகாது’ என்று மறுத்தனர். பெல் என்ன செய்தார்? ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டிவிட்டான். 1797-இல் இலண்டனில் பெல் இம்முறையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அஃது இங்கிலாந்தில் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனையொத்த முறையைக் கையாண்டு, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று நிறுவ முயன்றார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்கும்போது தமிழருக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆயினும் இதன் மற்றொரு பக்கத்தையும் நோக்கவேண்டும். திண்ணையில் சட்டாம்பிள்ளை இருந்தது, ஆசிரியரின் கண்பார்வைக்குள் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்கு உதவுவதற்காக. இலண்டனுக்குச் சென்றபின் அதே முறை, குறைந்த செலவில் நிறைந்த தலைகளை எண்ணிக் காட்டும் ஏற்பாடாக மாறிற்று. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. பள்ளியும் ஓர் ஆலையைப் போல ஓடவேண்டும் என்று கருதினர். கருவி எதுவாயினும், ‘இதனால் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கலாம்’ என்று ஒரு சாராரும், ‘இதனால் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம்’ என்று ஒரு சாராரும் அதனைக் கையில் எடுக்கின்றனர். இவ்விரு நோக்கங்களின் போராட்டமே நாம் காணப்போகும் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட பாடநூலும் கற்பலகையும் கரும்பலகையும் பள்ளிக்குள் வந்தன. கரும்பலகை அன்று பெரும் புதுமை. அதுவரை ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் ஓலையையும் தனித்தனியே திருத்தினார்; கரும்பலகை வந்தபின் ஒரே வேளையில் வகுப்பு முழுவதற்கும் எழுதிக் காட்டினார். ஆசிரியர் எழுந்து நின்றார். பிள்ளைகள் வரிசையாக அவரை நோக்கி அமர்ந்தனர். இன்று வகுப்பறை என்றதும் நம் கண்முன் தோன்றும் காட்சி இவ்வாறு பிறந்ததே.

பாடநூலோ மற்றொரு மாறுதலைச் செய்தது. மனப்பாடச் சுமையிலிருந்து ஆசிரியரை அது விடுவித்தது. அதே வேளையில், எதனைக் கற்பிப்பது, எந்த அளவு கற்பிப்பது என்ற முடிவு அவர் கையை விட்டு அகன்றது. எங்கோ ஒரு குழு எழுதிய நூல், எங்கோ ஒரு துறை நடத்தும் தேர்வு, ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்க்கும் ஆய்வாளர் என்ற மூன்றுக்கும் இடையே ஊர் ஆசிரியர் சிறிய ஊழியர் ஆனார். திண்ணை ஆசிரியருக்கு ஊதியம் குறைவு. நெல்லும் காய்கறியும் பெற்று வாழ்ந்தார். எனினும் தம் பாடத்துக்குத் தாமே தலைவர். பாடநூல் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உண்டு. பாடத்தின்மீது உரிமை குறைவு. கருவி ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கொள்ளும் என்பதற்கு இது முதற்சான்று.

இனி வானொலிக்கு வருவோம். சென்னையில் 1924-இல் தோன்றிய வானொலிக் கழகத்தின் முயற்சியைத் தொடர்ந்து, 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பை மேற்கொண்டது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வழங்கலாயிற்று. 1938 சூன் திங்களில் சென்னை நிலையம் எழுந்தது. அப்பத்தாண்டின் இறுதியிலேயே பள்ளி ஒலிபரப்புகள் நம் நாட்டில் தொடங்கிவிட்டன. பெருநகரத்து அறிஞர் ஒருவரின் குரல், நாட்டுப்புறத்துப் பள்ளியில் ஒலித்தது. ஊர் ஆசிரியர் கேட்டறியாத உச்சரிப்பும் இசையும் நாடகமும் பிள்ளைகளின் செவிக்கு எட்டின.

வானொலிக்கு வாய் உண்டு, செவி இல்லை. பேசுபவர் பேசிக்கொண்டே போவார். பின்வரிசைப் பிள்ளை ஒருவனுக்கு மூன்றாம் வாக்கியத்தில் ஐயம் எழுந்தால், அவனுக்காக அவர் நிற்கமாட்டார். ஆகவே நிகழ்ச்சிக்கு முன் ஆசிரியர் பிள்ளைகளைப் பழக்குதல், நிகழ்ச்சிக்குப் பின் அவர்களோடு உரையாடி ஐயம் களைதல் என்ற இரண்டும் பள்ளி ஒலிபரப்பின் இன்றியமையாத அங்கங்கள் ஆயின. 1956-இல் புனே வட்டாரத்தில் ஏறக்குறைய 150 ஊர்களில் உழவர்களுக்காக நடத்திய வானொலி மன்றங்களும் இதனையே காட்டின. கூடிக் கேட்டுக் கலந்து பேசிய ஊர்களில் வானொலிச் செய்தி நன்கு வேரூன்றிற்று. ஒலிபெருக்கியை மட்டும் வைத்துவிட்டு வந்தால் அவ்வளவு பயன் விளைவதில்லை.

தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1961 அக்டோபரில், போர்டு அறக்கட்டளையின் உதவியோடு தில்லிப் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள் ஆரம்பமாயின. இதற்குக் காரணம் வெளிப்படையானது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் தில்லியின் மக்கள்தொகை பெருகிவிட்டது. பள்ளிகளில் சோதனைச்சாலை இல்லை, கருவிகள் இல்லை, பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கத் தகுதிபெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. ஒரு நல்ல ஆசிரியர் கலையகத்தில் நின்று ஒரு முறை சோதனை செய்து காட்டினால், பல பள்ளிகளின் பிள்ளைகள் அதனைக் காண்பர். பாடத்திட்டத்தை ஒட்டி, பள்ளி நேரத்திலேயே இப்பாடங்கள் ஒளிபரப்பாயின. வகுப்பாசிரியர் பாடத்துக்கு முன்னுரை கூறுவார். பெட்டி பாடம் நடத்தும். பின்னர் வகுப்பாசிரியர் வினா எழுப்பித் தொகுத்துரைப்பார்.

இங்கே வகுப்பாசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதுவரை அவ்வகுப்புக்கு அவரே தலைவர். இப்போது பெட்டிக்குள் ஒருவர் நின்று, அவர் கையாளாத கருவிகளைக் கையாண்டு, அவரினும் தெளிவாகப் பேசுகின்றார். மாணாக்கர் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சில ஆசிரியர்க்கு இது நாணத்தைத் தந்திருக்கலாம்; சிலர்க்கோ இதுவே பயிற்சிக் கூடம் ஆயிற்று. பெட்டிக்குள் இருந்தவர் செய்து காட்டியதைத் தாமும் கற்றுக்கொண்டனர். தொலைக்காட்சியின் முதல் மாணாக்கர் ஆசிரியரே என்று கூறினும் பொருந்தும்.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது 1975-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சைட்’ என்று வழங்குவர். விக்ரம் சாராபாயின் கனவு இது. ஏழை நாடு என்பதாலேயே உயர்ந்த தொழில்நுட்பம் நமக்குத் தேவை. நாடெங்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழும்வரை காத்திராமல், வானிலிருந்தே சிற்றூர்களை எட்டலாம் என்று அவர் கருதினார். அமெரிக்க நாசா நிறுவனத்தோடு 1969-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1971 டிசம்பரில் சாராபாய் மறைந்தார். அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக வந்த பேராசிரியர் யஷ்பாலின் தலைமையில் பணி தொடர்ந்தது. 1974 மே திங்களில் ஏவப்பட்ட ஏ.டி.எஸ். 6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், ஓராண்டு அந்நாட்டில் பணியாற்றியபின், இந்தியாவை நோக்கும் இடத்துக்கு நகர்த்தப்பட்டது. 1975 ஆகஸ்டு 1-ஆம் நாள் முதல் 1976 சூலை 31-ஆம் நாள் வரை, சரியாக ஓராண்டு, அது நமக்குக் கிடைத்தது.

ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் என்ற ஆறு மாநிலங்களில் 20 மாவட்டங்களைச் சார்ந்த ஏறக்குறைய 2,400 சிற்றூர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பெட்டி வைக்கப்பட்டது. கூரைமேல் 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் போன்ற ஏற்பி. கோழிக்கூண்டு அடைக்கும் கம்பி வலையால் ஆனது. விண்ணிலிருந்து வரும் அலையைக் கோழி வலை கொண்டு பிடித்த நம் பொறியாளரின் சிக்கனம் இன்றும் வியக்கத்தக்கது. நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி நேரம் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு; மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்ற நான்கு மொழிகள். ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதியும் இருந்தமையால், ஒரே காட்சியை இரு மொழியினர் தத்தம் மொழியில் கேட்க முடிந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது.

காலை நிகழ்ச்சியின்போது பள்ளியில் நிகழ்ந்தது யாது? ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்தவை இருபத்திரண்டரை நிமிடங்கள். ஓராசிரியர் பள்ளியாயின், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே காட்சியைக் காண்பர். ஆசிரியர் அந்நிகழ்ச்சியை முன்னதாகப் பார்த்தவர் அல்லர். பிள்ளைகளோடு அவரும் அப்போதுதான் பார்க்கின்றார். ‘சற்று நில்’ என்று பெட்டிக்குச் சொல்ல வழியில்லை. ‘மறுபடி காட்டு’ என்று கேட்கவும் வழியில்லை. வானொலிக்குச் செவி இல்லாதது போலத் தொலைக்காட்சிக்குக் கண் இல்லை. எவன் வியப்புற்றான், எவன் உறங்கிவிட்டான் என்பதை அஃது அறியாது. அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே.

சோதனைக்குப்பின் ஆய்வாளர் கண்ட முடிவுகள் நம் கவனத்துக்கு உரியன. பிள்ளைகளின் மொழி வளத்திலும், புதியன அறியும் ஆர்வத்திலும் நன்மை தெரிந்தது. ஆனால் பள்ளிப் பாடத் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணப்படவில்லை. பள்ளியை விட்டு நின்றுவிடும் வழக்கத்தையும் அது தடுத்துவிடவில்லை. மாடு மேய்க்கப் போகவேண்டிய பிள்ளையைச் செயற்கைக்கோள் வந்து மீட்க இயலுமோ?

அச்சோதனையின் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, பலரும் மறந்துவிட்ட ஒன்று. அஃது ஆசிரியர் பயிற்சி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையை உணர்த்த, இரண்டு தவணைகளில், தவணைக்கு ஏறக்குறைய 24,000 பேராகப் பன்னிரண்டு நாள் பயிற்சி தரப்பெற்றது. தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட கையேடு, கையால் செய்யும் சோதனை, அருகிருந்து வழிகாட்டும் ஒருவர் ஆகிய அனைத்தையும் இணைத்து நடத்தினர். வீட்டைவிட்டு நெடுந்தொலைவு போகாமலே ஓர் ஊராசிரியர் நாட்டின் சிறந்த அறிவியலாரின் விளக்கத்தைக் கேட்டார். பிள்ளைக்கு நேரே எய்த அம்பைவிட, ஆசிரியர் வழியே செலுத்திய நீர் ஆழமாகப் பாயும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பிச் சென்றது. கற்றுக்கொண்ட ஆசிரியர் ஊரிலேயே இருந்தார்.

அதே காலத்தில், அதே மத்தியப் பிரதேசத்தில், வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. ஓசங்காபாத்து மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பிக்கும் திட்டம் அது. அங்கே வானத்துக் கருவி இல்லை. எளிய பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டி. சுற்றிலும் கிடைக்கும் இலை, மண், கல், விதை. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து தாமே செய்து பார்த்தனர். ஆசிரியர்கள் பல்கலைக்கழக அறிவியலாரோடு அமர்ந்து பாடத்தை உருவாக்குவதிலும் பங்கு கொண்டனர். அம்முறையில் ஆசிரியர் எல்லாம் அறிந்தவராக நடிக்க வேண்டியதில்லை. ‘எனக்கும் தெரியாது, வா, செய்து பார்ப்போம்’ என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்பெற்றது. எனினும், ஆசிரியரைத் துணைவராகக் கொண்ட கருவி எப்படி இருக்கும் என்பதற்கு இன்றும் அதனையே எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

அதன்பின் கருவிகள் விரைந்து வந்தன. 1984-இல் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினிகள் சில பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. இவற்றைப் படித்துக்கொண்டே வரும்போது 1987-ஆம் ஆண்டில் ஒரு செய்தி நம்மை நிறுத்துகின்றது. அவ்வாண்டில் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கிற்று. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் மழைக்கு ஒழுகாத இரண்டு அறைகள், குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை முதலிய இன்றியமையாத பொருள்கள் ஆகியவற்றை வழங்குவது அதன் நோக்கம். வானத்தில் செயற்கைக்கோள் சுற்றிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும், தரையில் கரும்பலகை இல்லாத பள்ளிகள் இருந்தன என்பது பொருள். புதுக்கருவி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பழைய கடனைத் தள்ளிவைப்பது எளிது. அதனை நினைவூட்டியது அத்திட்டம்.

2004 செப்டம்பரில், கல்விக்கென்றே அமைந்த எடுசாட் என்னும் நம் சொந்தச் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. 2011-இல் தமிழ்நாட்டில் மாணாக்கர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் பிறந்தது. 2017-இல் ஆசிரியர் தினத்தன்று மத்திய அரசின் ‘தீக்ஷா’ தளம் திறக்கப்பட்டது. பாடநூலின் பக்கங்களில் கியூ.ஆர். குறியீடு என்னும் கட்டக் கோலம் ஏறிற்று. கைப்பேசியைக் காட்டினால் பாடம் பேசிற்று.

இக்குறியீட்டோடு தொடர்புடைய ஆசிரியர் ஒருவரை அயல்மாநிலத் தமிழர் அறிந்திருத்தல் நலம். மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த இரஞ்சித்சிங் திசாலே அவர். அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது கன்னடம். பள்ளிப் பாடநூலோ மராத்தி. பாடநூலைப் பிள்ளைகளின் மொழிக்குக் கொணர்ந்ததோடு, குறியீடுகளைப் பக்கத்தில் பதித்து, அவற்றின் வழியே பாட்டும் காட்சியும் விளக்கமும் கிடைக்கச் செய்தார். 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பத்து லட்சம் டாலர் பெறுமான அப்பரிசில் பாதியை, இறுதிச் சுற்றுவரை வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார். இங்கே கருவி வெறும் கட்டக் கோலமே. பிள்ளையின் வீட்டு மொழி வேறு, பாட மொழி வேறு என்பதைக் கண்ட கண்ணே பெரிது. வேற்று மொழி மாநிலத்தில் வாழும் நமக்கு அக்கண்ணின் அருமை விளங்கும்.

அதே 2020-ஆம் ஆண்டில் நோய்த்தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர் இல்லாத வகுப்பறை என்ற எண்ணம் முழு அளவில் சோதிக்கப்பட்டது அப்போதுதான். சென்னையில் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. வசதியுள்ள வீடுகளில் கணினி வகுப்பு நடந்தது. ஒரே கைப்பேசியுள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால், தந்தை வேலைக்குப் போகும்போது வகுப்பும் அவர் சட்டைப்பையில் போய்விட்டது. மேற்கு வங்கத்தின் ஜாமுரியா பகுதியில் தீப் நாராயண் நாயக் என்ற ஆசிரியர், மண் வீடுகளின் சுவர்களில் கறுப்பு வண்ணம் பூசிக் கரும்பலகை ஆக்கி, தெருவிலேயே இடைவெளிவிட்டுப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் நடத்தினார். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தின் கீழ்த் தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளின் இருப்பிடம் நாடிச் சென்றனர். இரண்டு நூற்றாண்டுக் கருவிகளையெல்லாம் கடந்து வந்த நாம், இடருற்ற வேளையில் மீண்டும் திண்ணைக்கே வந்து சேர்ந்தோம்.

2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, மனிதரைப் போல உரையாடும் கணினிகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. ‘வானொலிக்குச் செவி இல்லை, தொலைக்காட்சிக்குக் கண் இல்லை’ என்று மேலே கூறினேன். இப்புதிய கருவிக்கு ஓரளவு செவியும் கண்ணும் வந்துவிட்டன. வினாவைக் கேட்கின்றது, விடை கூறுகின்றது, தவறைத் திருத்துகின்றது, சலிப்படைவதில்லை. பழைய வாதத்தைக் கொண்டு இதனை ஒதுக்கிவிட இயலாது.

இதனை நான் என் மேசையிலேயே அறிவேன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி செய்பவன் நான். ஒரு நாள் முழுதும் நான் செய்யும் மொழிபெயர்ப்பை இயந்திரம் ஒரு நிமிடத்தில் செய்துவிடுகின்றது. முதலில் எனக்கு அச்சமே உண்டாயிற்று. பின்னர் ஒரு நாள், கணவரை இழந்த பெண்களுக்கான உதவித்தொகை அறிவிப்பு ஒன்று என்னிடம் வந்தது. இயந்திரம் தந்த தமிழில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘கணவரின் மரணத்தை நிரூபிக்கத் தவறும் பயனாளி’ என்று தொடங்கிற்று ஒரு வாக்கியம். அதனை வாசிக்கப்போகும் பெண்ணை நினைத்தேன். ‘இறப்புச் சான்றிதழ் கிடைப்பதில் தாமதம் ஏற்படின்’ என்று மாற்றி எழுதினேன். சட்டத்தின் பொருள் மாறவில்லை. ஒரு பெண் தலைகுனிய வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் யார் என்று எண்ணி, அவர்க்கு நேர்வதற்குத் தான் பொறுப்பு என்று ஏற்பது ஒரு தொழில். என் தொழிலில் அது சிறு பகுதி. ஆசிரியர் தொழிலிலோ அதுவே உயிர்.

தில்லியில் எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றார். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், வழங்கும் பாடங்களைப் பிள்ளைகள் வீட்டில் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருவர். பாடங்கள் நல்லவை. எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் தடையின்றி வாசிப்பவன், வகுப்பில் சுவரிலுள்ள பலகையைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் திணறினான். ‘இவனுக்குத் தமிழில் நாட்டமில்லை’ என்று பெற்றோர் முடிவுகட்டிவிட்டனர். அம்மையார் மூன்று வாரம் அவனைக் கவனித்தார். பிறகு அவனை எழுப்பி, பலகையை நோக்கி ஒவ்வோர் அடியாக நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் அவன் உரக்க வாசித்தான். அவன் கண்ணுக்குத்தான் குறை. கைப்பேசியை முகத்தருகே பிடித்துப் பழகியவன் ஆதலால் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அன்று மாலையே அம்மையார் அவ்வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசினார்.

நாளை இக்குறையைக் கருவியும் கண்டுபிடிக்கக்கூடும். கண்டுபிடித்தால் நன்றே. ஆயினும் மாடிப்படி ஏறிச் சென்று கதவைத் தட்டி, ‘உங்கள் பிள்ளை மந்தன் அல்லன்’ என்று தாயிடம் சொல்லும் கடமை ஒருவருக்கு இருத்தல்வேண்டும். அக்கடமையை ஏற்பவரே ஆசிரியர்.

ஆகவே, கருவி வேண்டா என்று கூறுவது என் கருத்தன்று. மணலும் ஓலையும் கருவிகளே. அவற்றையும் நம் முன்னோர் விரும்பி ஏற்றனர். இவ்வரலாறு நமக்குக் கூறும் அறிவுரை வேறு. பள்ளிக்குப் புதுக்கருவி ஒன்று வரும்போது, அது கற்றுத் தருவது என்ன என்று கேட்பதோடு, ஆசிரியரை அதற்குப் பயிற்றினார்களா, பாடத்தை ஆக்குவதில் அவருக்குப் பங்கு உண்டா, காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பிவிட்டு இதனைக் கொணர்ந்தார்களா, நிரப்பாமல் இருப்பதற்காகக் கொணர்ந்தார்களா என்றும் பெற்றோர் கேட்கவேண்டும். எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு எழும்பூரில் தொடங்கிய சிக்கனக் கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

நீங்கள் வாழும் ஊர் நாகபுரியோ, கொல்கத்தாவோ, ராஞ்சியோ, எதுவாயினும், உங்கள் பிள்ளைக்குத் தமிழோ கணக்கோ கற்பிக்கும் ஒருவர் அங்கே இருப்பார். கைப்பேசியில் பாடம் எவ்வளவு ஓடிற்று என்று பார்ப்பதோடு நில்லாமல், ஒரு நாள் நேரில் சென்று அவரைக் காணுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்கக்கூடும். எங்கள் குடியிருப்புப் பையன் இப்போது மூக்குக்கண்ணாடி அணிந்து முதல் வரிசையில் அமர்கின்றான். பலகையில் எழுதியதை அவனே மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகின்றான். அம்மையார் அவனைச் சட்டாம்பிள்ளை என்று அழைக்கின்றார்.